இரண்டு விரல் மேலே

ஜூலை 8, செவ்வாய்

விடிந்ததிலிருந்து காற்று. மாடியில் காயப்போட்ட அப்பாவின் வேஷ்டி பக்கத்து வீட்டுக் கிணற்றடியில். அப்பாவுக்கு இன்று ஆஞ்சியோ. கை வழியாக முடியவில்லை. ரத்தக்குழாய் மெல்லிசாம், சுருண்டு கிடக்கிறதாம். தொடை இடுக்கு வழியாகப் போனார்கள். அடைப்பு சின்னதுதான், மாத்திரை போதும். பெருமாளே.

ஆனால் காலை மடக்காமல் ஆறு மணி நேரம் மல்லாந்து படுக்க வேண்டும். அப்பாவா? சந்தி வேளை வந்ததும் மந்திரம் சொல்ல எழுந்திருக்கப் பார்த்தார். உறையூர்க்கார நர்ஸ் தோளைப் பிடித்து அமுக்கிவிட்டார். "படுத்துக்கிட்டே சொல்லுங்க சாமி. உங்க ரங்கநாதரே படுத்துக்கிட்டுதானே இருக்காரு." அப்பா சிரித்துவிட்டார். அதையே நான் சொல்லியிருந்தால் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பேன்.

ஜூலை 9, புதன்

டிஸ்சார்ஜ். இனி ஒரு வாரம் நான் ஸ்ரீரங்கத்தில், அப்பா வீட்டில். ஆத்துக்காரருக்குத் திருவெறும்பூரில் ஹோட்டல் சாப்பாடு, பாவம்.

நர்ஸின் பாடம்: குனிய, குந்த, கனம் தூக்கக் கூடாது. ரத்தம் வந்தால் படுக்கவைத்து அழுத்த வேண்டும், ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும்.

"தோல்ல தெரியற ஓட்டை வேறங்க. உள்ள ரத்தக்குழாய்ல இருக்கறது அதுக்கு ரெண்டு விரல் மேல. அங்க பின்னாடி எலும்பு இருக்கு, அது மேல வச்சு அமுக்குனாதான் நிக்கும். கையை எடுத்து எடுத்துப் பாக்கக் கூடாது."

என் கையை இழுத்து அப்பா மேலேயே வைத்துக் காட்டப்போனார். "வேண்டாம்மா, பொண் குழந்தை" என்று அப்பா போர்வையை இழுத்துக்கொண்டார். நர்ஸ் தன் இடுப்புக்குக் கீழே தொட்டுக் காட்டினார். எனக்கும் கூச்சம், பாதிதான் பார்த்தேன்.

பாதத்தின் மேலே பேனாவால் ஒரு பெருக்கல் குறி. அங்கே நாடி துடிக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். அதற்கும் அப்பா காலைத் தரவில்லை. குளித்தால் மடி, பெற்ற பெண்ணானாலும் தள்ளித்தான் நிற்க வேண்டும். ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

தயிருக்கு உறை ஊற்றவில்லை.

ஜூலை 10, வியாழன்

ஒன்றுமில்லை. தொடையில் கொஞ்சம் நீலம், அவரே பார்த்துச் சொன்னது. ரசம் சாதம், சுட்ட அப்பளம். அவர் இருமினால்கூட எனக்குத் தூக்கிவாரிப் போடுகிறது.

ஜூலை 11, வெள்ளி

 எழுதினால் மனசு அடங்குமோ என்று எழுதுகிறேன்.

காலையில் சித்தப்பா கோவிலிலிருந்து நேராக வந்தார். பெருமாள் மாலை, தீர்த்தம். "அண்ணா, பெருமாளே அனுப்பிச்சிருக்கார்!" வாசலிலேயே குரல். நான் அடுப்படியில். ஓடி வருவதற்குள் அப்பா கூடத்தில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து சேவித்துக்கொண்டிருக்கிறார். குனியக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார்கள், சரி. சேவிக்கக் கூடாது என்று எந்த டாக்டர் எழுதுவார்?

எழுந்தார். வேஷ்டியில் சிவப்பு. பார்க்கப் பார்க்கப் பரவியது.

படுக்கவைத்தோம். துண்டைச் சுருட்டி ஓட்டையின் மேலேயே அழுத்தினேன். நிற்கவில்லை. துண்டு வெதுவெதுவென்று நனைந்தது. சித்தப்பா மாலையோடு நின்று "ரங்கா, ரங்கா" என்கிறார். "ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணுங்கோ சித்தப்பா!"

அப்போதுதான் ஞாபகம் வந்தது. மேலே. இரண்டு விரல் மேலே. துண்டை எறிந்துவிட்டு விரலால் தேடினேன். அப்பா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"என்னடி பண்றே, விடுடி!"

"பேசாம படுங்கோப்பா!"

அவரை அதட்டியது இதுதான் முதல் தடவை. விரலுக்கடியில் திம்திம் என்று துடிப்பு. அதன்மேல் உடம்பு பாரம் முழுவதையும் போட்டேன். ரத்தம் நின்றது.

"நின்னுடுத்தா? கையை எடுத்துப் பாரேன்" என்றார் சித்தப்பா.

"எடுக்க மாட்டேன்."

அப்பா முகம் வெளுத்துவிட்டது. கண்ணை இறுக மூடிக்கொண்டு ஏதோ ஸ்லோகம். போயிடாதீங்கோப்பா என்று வாய்விட்டுச் சொன்னேனா, மனதுக்குள்தானா, தெரியவில்லை. ஆம்புலன்ஸ்காரர் தன் கையை வைத்த பிறகுதான் என் கையை எடுத்தேன். விரல்கள் நிமிரவில்லை.

ஸ்கேனில், உள்ளே ரத்தம் கட்டியிருக்கிறது. பெரிதானால் ஆபரேஷன்.

ஜூலை 12, சனி

தூறல். ஆஸ்பத்திரி காபி, வெந்நீர்தான். காலை ஸ்கேனில் ரத்தக்கட்டு வளரவில்லை. சித்தப்பா போனில் அழுகை. இன்று முழுக்கக் காலுக்கு ரத்தம் ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அப்பா நேற்றிலிருந்து என்னோடு பேசவில்லை. அதட்டியதற்கா, தொட்டதற்கா?

உடம்பு துடைத்து, திருமண் இட்டுக்கொண்டு, கண்ணை மூடிப் படுத்திருக்கிறார். மடி. அதே உறையூர் நர்ஸ், பக்கத்துப் படுக்கைக்கு ஓடிக்கொண்டே, "அக்கா, பாதத்துல நாடி பாத்துச் சொல்லுங்க" என்றார்.

தயங்கினேன். பிறகு போர்வையை விலக்கிப் பெருக்கல் குறியில் விரலை வைத்தேன். பாதம் சூடாக இருந்தது. முதலில் ஒன்றும் தெரியவில்லை, என் நெஞ்சுதான் அடித்துக்கொண்டது. பிறகு, விரலுக்கடியில், மெதுவாக. துடிக்கிறது.

கால் தொட்டதும் நான் சேவிக்கிறேன் என்று நினைத்துவிட்டார். கண்ணைத் திறக்கவில்லை, கை மட்டும் உயர்ந்தது.

"தீர்க்க சுமங்கலியா இரும்மா."

நாடி பார்க்கிறேன் என்று சொல்லவில்லை. கையையும் எடுக்கவில்லை.