பூட்டுப் போட்ட போன்

ஆவணி 7, புதன் இரவு

பெரிய பேத்தி கல்பனாவுக்கு எந்த நேரமும் பிரசவம் ஆகலாம். இரண்டாவது பிள்ளை என்பதால் குன்றத்தூரில் மாமியார் வீட்டிலேயே இருக்கிறாள். வலி கண்டால் போன் பண்ணுவார்கள். என் மகன் வாங்கிய போனுக்கோ எங்கள் சேரப்பணஞ்சேரியில் டவரே கிடைப்பதில்லை. டவர் கிடைக்கிற வேறு கம்பெனி சிம் கார்டை இன்று வாங்கிவந்து போட்டான். போன் அதை ஏற்கவில்லை.

சின்னப் பேத்தி தேவி ஸ்ரீபெரும்புதூரில் போன் செய்கிற கம்பெனியில் வேலை பார்க்கிறாள். ஷிப்டு முடிந்து வந்தவள்மேல் மகன் பாய்ந்தான்.

"இன்னாடி போன் செய்றீங்க? வேற கார்டு போட்டா செத்துப்போவுது!"

அவள் சிரித்தாள். "போன் நல்லாத்தாம்பா கீது. உனக்குப் பாதி விலைக்குக் குடுத்தாங்களே, மீதியப் போட்டது கார்டு விக்கிறவன். நீ வேற கார்டுக்குப் போய்ட்டா அவனுக்கு நட்டம். அதான் பூட்டி வெச்சிருக்கான். மாடு வாங்க பால்காரரு முன்பணம் குடுத்தாரே, பாலை வேற யாருக்குனா ஊத்துனியா?"

"மாட்டுக்கு யாரும் பூட்டுப் போடலியே," என்று முனகினான். அஞ்சாவதோடு நின்ற எனக்கே விளங்கிவிட்டது.

பிறகு தேவி தன் போனில் அந்தப் புதுக் கார்டைப் போட்டு அவனிடம் நீட்டினாள். "இதுக்குப் பூட்டு இல்ல. வூட்லயே இருக்கட்டும். உன்னுத நான் எடுத்துக்கினு போறேன், கம்பெனியாண்ட டவர் கீது." ஆசைப்பட்டு முழு விலை கொடுத்து வாங்கிய போன். முகம் சுளிக்காமல் கொடுத்தாள். குன்றத்தூருக்குப் புது நம்பரையும் சொல்லிவிட்டாள்.

மகன் அதை மார்மேல் வைத்துக்கொண்டு தூங்குகிறான். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. ஒருதரம் அடித்துவிட்டால்... இதோ, போன் அடிக்கிறது!