கடைசிக் கதவில் நின்றவனுக்கு

சென்ற மாதம் தங்கை மகளின் கல்யாணப் பத்திரிகைக்காக ஓர் அச்சகத்துக்குப் போயிருந்தேன். அங்கிருந்த பெண் மாதிரித் தாளை என் முன்னால் வைத்து, "சரி பாத்துட்டு ஒரு கையெழுத்துப் போட்டுருங்க சார்" என்றாள். இயந்திரத்திலிருந்து அப்போதுதான் வந்த தாள். வெதுவெதுப்பாக இருந்தது. சூடான மையும் காகிதமும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறியதும் நீ பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிட்டாய். பத்திரிகையை முக்கால் மணி நேரம் படித்தேன். மணமகளின் பெயரை மட்டும் ஏழு முறை. "கல்யாணப் பத்திரிகைதான் சார், பரீட்சை இல்ல" என்றாள் அவள். ஒருமுறை பார்க்காமல் கையெழுத்துப் போட்டவன் நான் என்பது அவளுக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்.

திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், மாடியில், உன் டி.டி.பி. கடை. பத்திரிகை, நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி எல்லாம் அங்கே எழுத்துக்கோத்துத் தருவாய். ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தாய். மாதிரித் தாளில் 'சரி' என்று கையெழுத்தாகிவிட்டால், கையெழுத்துப் போட்டவரே வந்து தன் கையால் அடித்துத் திருத்தித் தரவேண்டும். இல்லையென்றால் ஒரு புள்ளியைக்கூடத் தொடமாட்டாய். செம்பட்டிக்காரர் ஒருவர் காலை முகூர்த்தம் மாலை என்றிருந்ததைக் கவனிக்காமல் கையெழுத்துப் போட்டுப் போனார். மறுநாள் மகன் ஓடிவந்தான்.

"நான் அவரு மகன்தாய்யா. மாத்துய்யா!"

"மகன்தான், ஆரு இல்லன்னா? கையெழுத்து அவருதுதானே. அவர வரச்சொல்லு."

அவர் வேகாத வெயிலில் பஸ் ஏறி வந்து, 'மாலை'யை அடித்து, உன்னையும் உன் குலத்தையும் திட்டிவிட்டுப் போனார். நீ பணிவாகக் கேட்டுக்கொண்டாய். பிறகு திருத்தினாய்.

மதியம் இரண்டு மணிக்கு மேல் கடைக்கு ஆள் வராது. அப்போதுதான் உன் இன்னொரு தொழில். கணினி இதழ் ஒன்றோடு இலவசமாக வந்த சிடியில், வீடியோ கேம் செய்வதற்கான மென்பொருள் கிடைத்தது உனக்கு. நாயகன் ஊர் ஊராகப் போவான், பார்ப்பவரிடமெல்லாம் பேசுவான், குறுக்கே வரும் பேய்களோடு சண்டை போடுவான், கதை நகரும். அதில் தமிழ் எழுத்தைப் புகுத்த உனக்கு ஆறு மாதம் பிடித்தது. புகுத்தியதும் என்னைக் கூப்பிட்டாய். பிறர் எழுதியதில் குறை கண்டுபிடித்துச் சிற்றிதழ்களில் எழுதுவதைத் தவிர எனக்கு வேறு திறமை இல்லை என்பது ஊருக்கே தெரியும்.

நான் ஆடுவேன். நீ பின்னால் உட்கார்ந்திருப்பாய். வாய் திறக்கக்கூடாது என்பது நமக்குள் ஏற்பாடு. இருமலாம். முடிந்ததும் குறைகளைத் தாளில் எழுதிக் கொடுப்பேன். என் முதல் தாள் நினைவிருக்கிறதா? 'ஒன்று: நாயகனின் அகரம் கிராமத்தில் எல்லா வீட்டுக்கும் புகைபோக்கி இருக்கிறது. இரண்டு: நாயகன் யார் வீட்டுக்குள்ளும் கேட்காமல் நுழைந்து பானையைத் திறந்து பார்க்கிறான், ஏனென்று கேட்க ஒரு நாதியில்லை.'

"அது சாஃப்ட்வேர்க்காரன் குடுத்த வீடு அப்பு. அவன் ஊருல குளுருது, புகைபோக்கி வச்சிருக்கான். நான் என்ன செய்ய?"

"இடி."

"ஒனக்கென்னலே, ஒத்த வார்த்தைல சொல்லிப்புட்ட. இருநூறு வீடு இருக்கு."

இடித்தாய். அடுத்த முறை நான் பானையைத் தொட்டதும், அடுப்படியிலிருந்து ஒருத்தி வெளியே வந்து, "எவன்லே அது, பானைய உருட்டுறது? கொழம்பு வெஞ்சனம் ஒண்ணும் இல்ல, போ!" என்றாள். நான் சிரித்தேன். பின்னால் நீ இருமினாய். ஒவ்வொரு தாளின் கீழும், கடை வழக்கப்படி, என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டாய்: 'ஆடிப் பார்த்தேன். சரி.'

இப்படி நான்கைந்து விளையாட்டுகள். கடைசியாகச் செய்ததற்கு மூன்று ஆண்டுகள் எடுத்துக்கொண்டாய். நம் பக்கத்துச் சமவெளியை விட்டு மழை போய்விடுகிறது. சாணார்பட்டியில் செவ்வந்தி போட்ட ஒருத்தன் அதைத் தேடிக் கிளம்புகிறான். எங்கே போனது என்று ஊர் ஊராகக் கேட்கிறான். ஆளுக்கு ஒரு பொய் சொல்கிறார்கள். அந்தப் பொய்களை நீ நன்றாக எழுதியிருந்தாய். அப்போது அதை உன்னிடம் சொல்லவில்லை; நல்லதைச் சொல்வது நம் ஏற்பாட்டில் இல்லை.

முடிவுப் பகுதியை நீ கொடுத்த வாரத்தில், நான் ஒரு கவிஞரைக் கிழித்து எழுதிய கட்டுரை வெளியாகியிருந்தது. பாராட்டிக் கடிதங்கள் வந்துகொண்டிருந்தன. அவற்றை மறுபடி மறுபடி படிக்க வேண்டியிருந்தது. உன் விளையாட்டை அரை மணி நேரம் ஆடினேன். நீ பத்திரிகை கொடுக்க வெளியே போயிருந்தாய். மீதி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். 'இசை சற்று உரக்க இருக்கிறது. சில இடங்களில் சொற்சிக்கனம் தேவை' என்று எழுதினேன். மதிப்புரை எழுதுகிறவனுக்கு இந்த இரண்டு வரிகள் எதற்கும் பொருந்தும். கீழே 'ஆடிப் பார்த்தேன். சரி' என்று கையெழுத்துப் போட்டு, உன் மேசையில் வைத்துவிட்டுப் போனேன்.

நீ சிடிகள் போட்டு, இணையக் குழுவில் அறிமுகமான உன்னைப் போன்ற பைத்தியங்களுக்கு அனுப்பினாய். இரண்டு மாதம் கழித்து, டீ குடித்துக்கொண்டிருந்தபோது சாதாரணமாகக் கேட்டாய்.

"அப்பு, அந்தக் கடைசிக் கதவு எப்படி இருந்துச்சு?"

"பிரமாதம்" என்றேன்.

உனக்கு நான் கொடுத்த ஒரே பாராட்டு அது. நீ டீயைக் குடித்து முடித்துக் கிளாசைக் கீழே வைத்தாய். "இன்னொரு டீ சொல்லவா?" என்றாய். அதன்பின் நீ விளையாட்டு எதுவும் செய்யவில்லை. வேலை கூடிவிட்டது என்றாய், நான் நம்பினேன். மறுவருடம் ஒரு காலை, மாதா கோயில் பூசைக்குக் கிளம்பியவன் வாசற்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். அவ்வளவுதான். உன் கண்ணீர் அஞ்சலி நோட்டீசை வேறு கடையில் அடித்தார்கள். மூன்று பிழைகள்.

அடக்கம் முடிந்து சில நாளில் உன் மனைவி ஸ்டெல்லா ஒரு காகித உறையைக் கொடுத்தாள். "இது ஒங்க கையெழுத்துண்ணே. ஒங்ககிட்டயே இருக்கட்டும்." பிரிக்காமல் வைத்துவிட்டேன். பல ஆண்டுகள். அச்சகத்திலிருந்து திரும்பிய அன்றுதான் பிரித்தேன். உள்ளே என் கடைசித் தாள். அதோடு சேர்த்துக் குத்தப்பட்டு, மலேசியாவிலிருந்து ஒருவர் உனக்கு அனுப்பிய மின்னஞ்சலின் அச்சு: 'கடைசிக் கதவில் ஒருவர் வழியை அடைத்து நிற்கிறார். என்ன செய்தாலும் நகரவில்லை. உள்ளே போகவே முடியாது. இதை யாரும் ஆடிப் பார்க்கவில்லையா?' கீழே உன் பதில்: 'ஆடிப் பார்த்தார்கள் ஐயா. கையெழுத்து இருக்கிறது.'

மறுநாளே ஸ்டெல்லா வீட்டுக்குப் போனேன். உன் கணினியைச் சேலைத்துணி போட்டு மூடி வைத்திருந்தாள். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள், முதலிலிருந்து ஆடினேன். ஒரு வீட்டையும் விடவில்லை. கடைசிக் கதவுக்கு வந்தேன். அங்கே நின்றவன் நீ. கட்டம் போட்ட சட்டை, மீசை, சட்டைப் பையில் பேனா. பேச்சுக் கொடுத்தேன்.

"நில்லு அப்பு, இந்தா வாரேன்."

பேசியபின் நீ ஒரு கட்டம் விலகவேண்டும். விலகும் கட்டளையைச் சேர்க்க மறந்திருக்கிறாய். ஒரு நிமிட வேலை. யாராவது ஒருமுறை கதவுவரை போயிருந்தால் தெரிந்திருக்கும். மறுபடி அழுத்தினேன். "நில்லு அப்பு, இந்தா வாரேன்." எத்தனை முறை அழுத்தினாலும் அலுக்காமல் சொன்னாய். இருட்டில்லை, மாலைகூட ஆகவில்லை. வெளியே பிள்ளைகள் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஆனாலும் பின்னால் யாரோ இருமுவார்கள் என்று காத்திருந்தேன்.

"இத ஏம்மா அவன் திருத்தல? அவனுக்குத்தான் தெரிஞ்சிருச்சே" என்று ஸ்டெல்லாவைக் கேட்டேன்.

"நானுங் கேட்டேண்ணே. ஒரு நிமிசந்தானே, பண்ணிவிடுங்கன்னு. கையெழுத்துப் போட்டவன் வந்து அடிச்சுக் குடுக்கட்டும்னாரு. வருவான் வருவான்னாரு." பாத்திரம் துலக்கியபடியே சொன்னாள், குற்றம் சாட்டாமல். அதுதான் தாங்கவில்லை.

தாளை எடுத்தேன். என் கையெழுத்தை அடித்தேன். 'கதவில் நிற்பவர் விலகவில்லை. திருத்தவும்' என்று எழுதி, புதிதாகக் கையெழுத்திட்டேன். திருத்த ஆளில்லை. அதனால் நானே அந்தக் கட்டளையைத் தேடிப் பிடித்துச் சேர்த்தேன். சேமிக்கும் முன்பு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். விலகியபின் நீ பேசுவதற்கு அங்கே வரி எதுவும் எழுதப்படவில்லை. நானாக ஒன்றை எழுதிவைக்கலாம். அதைவிடப் பெரிய பொய் இருக்காது.

சேமித்தேன். நீ "நில்லு அப்பு, இந்தா வாரேன்" என்றாய், ஒரு கட்டம் இடப்பக்கம் விலகினாய், சுவரைப் பார்த்து நின்றாய். மறுபடி அழுத்தினேன். இன்னொரு முறை. நீ பேசவில்லை.

கதவுக்கு உள்ளே மழை பெய்துகொண்டிருந்தது. சாணார்பட்டி முழுக்க மழை. நாயகனிடம் பொய் சொன்ன அத்தனை பேரும் தெருவில் இறங்கி நனைந்துகொண்டிருந்தார்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை. மழைச் சத்தம் மட்டும். ஸ்டெல்லா ஈரக்கையோடு வந்து என் பின்னால் நின்று பார்த்தாள். "இத முடிச்ச சந்தோசத்துலதான் அந்த வருசம் ராசாவா திரிஞ்சாரு" என்றாள்.

அந்த மழையில் மூன்று குறைகள் இருக்கின்றன. கிணற்றின்மேல் மட்டும் துளி விழவில்லை. குடை பிடித்திருக்கும் பெரியவர் நனைகிறார், குடையில்லாத கன்றுக்குட்டி நனையவில்லை. செவ்வந்திச் செடிகள் எவ்வளவு நனைந்தும் அதே வாடிய நிறத்தில் நிற்கின்றன. அன்றே எழுதிவிட்டேன். இந்த முறை ஒவ்வொரு கட்டமாக நடந்து பார்த்து எழுதியது. நல்லதையும் ஒரு வரி சேர்த்திருக்கிறேன், ஏற்பாட்டை மீறி. தாள் என் சட்டைப் பையில் இருக்கிறது. தினமும் சட்டை மாற்றும்போது அதை எடுத்து அடுத்த பையில் வைத்துக்கொள்கிறேன்.