அரிவாள் பட்ட பாதம்

என் ஆசை மாமாவுக்கு,

நீங்கள் போய் வருஷம் திரும்பிவிட்டது. உங்கள் சலங்கையை இந்தத் திருவிழாவில் நம் மகன் முருகேசன் கட்டினான். அந்தச் சேதியைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் மனசு பழசுக்கே ஓடுகிறது.

புதுக்கோட்டை சமஸ்தானம் போய் இந்தியாவோடு சேர்ந்த புதுசு. அய்யனார் கோயிலில் நீங்கள் அரிவாள் மேல் ஏறி நின்று ஆடினீர்கள். என்ன அழகு மாமா அன்றைக்கு! என் கண்ணே பட்டுவிடும் போலிருந்தது. பாதம் கிழிந்ததை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. சாமி நிஜமாக இறங்கியிருந்தால் வெட்டுப்படாது என்று ஊர் சொல்லுமே! திருநீற்றை அப்பித் துணியைச் சுற்றிக்கொண்டு, முள் குத்தியதென்று என்னிடமே கதை விட்டீர்கள்.

சில நாளில் உடம்பு தூக்கிப் போட்டது. வாய் என்னென்னவோ உளறியது. சாமி வந்துவிட்டதென்று வாசலில் கூட்டம் கூடி, "மழை எப்பச் சாமி பெய்யும்?" என்று கைகூப்பி நின்றது. நான் தொட்டுப் பார்த்தேன். நெஞ்சு கொதித்தது, கைகால் சில்லிட்டுக் கிடந்தது. மூச்சு இரைத்தது. விடிந்ததிலிருந்து ஒன்றுக்கும் போகவில்லை. என்னைப் பார்த்து, "நீ யாரு?" என்றீர்கள்.

"சாமி கேக்குது, சொல்லு தாயி," என்றார் பூசாரி.

எனக்கு வந்ததே கோபம்! "சாமிக்கு வேணா என்னையத் தெரியாம இருக்கலாம். எம் மாமனுக்குத் தெரியாதா? இது நோவுய்யா, வண்டியப் பூட்டுங்க!"

"தெய்வக்குத்தம் ஆயிரும்த்தா."

"ஆனா ஆகட்டும், என் தலையில விடியட்டும். அங்கிட்டுத் தள்ளி வழிய விடுங்க!"

புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா துணியை அவிழ்த்துப் பார்த்தார். புண்ணின் விஷம் ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார். பென்சிலின் ஊசி போட்டுக்கொண்டே என்னிடம், "புண்ணோட காய்ச்சல், நடுக்கம், மூச்சு வாங்குறது, பேச்சுக் கொழர்றதுன்னு வந்தா ஒடனே தூக்கிட்டு வந்துரணும்மா. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா என் கையில இல்ல," என்றார்.

பிழைத்து எழுந்ததும் கதையெல்லாம் சொன்னேன். "அப்ப மழைக்கு நான் என்னடி பதில் சொன்னேன்?" என்று கேட்டீர்களே, இப்போது நினைத்தாலும் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வருகிறது. அவ்வளவு சத்தம் போட்டு மீட்டவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போன வருஷம் தூக்கத்திலேயே போனது நியாயமா?

சேதிக்கு வருகிறேன். முருகேசன் அரிவாளை விட்டு இறங்கியதும் ஒரு காலை மண்ணில் அழுத்தி மறைத்துக்கொண்டு நின்றான். எனக்கா தெரியாது? கோயில் வாசலிலேயே உட்கார வைத்துக் காலை மடியில் தூக்கி வைத்தேன். ரத்தம்.

"ஆத்தா, எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும்டா."

சோப்புப் போட்டுக் கழுவி, அப்படியே பஸ் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். புண் ஆறிவிட்டது. அவன்மேல் சாமி வரவில்லை என்று ஊரில் ஒருவர்கூடச் சொல்லவில்லை மாமா. அந்தச் சொல்லுக்குப் பயந்துதானே நீங்கள் சாகக் கிடந்தீர்கள்?

நான் இருக்கிற வரைக்கும், அரிவாள் ஏறி இறங்குகிற ஒவ்வொரு பிள்ளையின் பாதத்தையும் ஊர் பார்க்கக் கழுவிப் பார்ப்பேன். உங்கள்மேல் சத்தியம்.

உங்கள் அக்கா மகள், உங்கள் வீட்டுக்காரி,
வள்ளிக்கண்ணு