கல்லில் வெட்டவிருக்கும் சொல்

அன்புள்ள அம்மாவுக்கு,

கடிதம் எழுதிப் பயமுறுத்துவதற்கு மன்னித்துக்கொள். போனில் சொன்னால் அப்பா ஸ்பீக்கரில் போட்டுவிடுவார். அதனால் ஊருக்கு வரும் தோழியிடம் கொடுத்தனுப்புகிறேன். உன் முழங்கால் வலி தேவலையா? நான் நலம்.

போன வாரம் இங்கே ஈப்போ கோயில் அன்னதானத்தில் ஒரு வயதான அம்மா பக்கத்தில் உட்கார்ந்தார். நான் கீரனூர் என்றதும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்கப்பா ஊருல்ல அது! பட்டாளத்துல கப்பலேறி இங்க வந்தவரு, சண்டை முடிஞ்சும் திரும்பிப் போகல. அங்க விட்டுட்டு வந்த மூத்த சம்சாரத்தோட பேரைத்தான் எனக்கு வெச்சாரு, செல்லக்கிளின்னு."

நம் பூட்டியின் பெயர், அம்மா! அவர் காட்டிய போட்டோவில் இருந்தது, நம் வீட்டில் மாலை போட்டிருக்கும் அதே சிப்பாய். சோற்றைப் பிசைந்தபடி அந்தப் படத்தையே பார்த்தேன்.

"ஏம்மா முழிக்கிற? சாம்பார் காரமா?" என்று சிரித்தார். நான் யாரென்று சொல்லவில்லை. தைப்பூசத்துக்குப் பழனி வருகிறாராம், தன் அப்பா பிறந்த ஊரையும் பார்ப்பாராம்.

"எந்தாத்தன் சண்டையில செத்தவருன்னு ஊரே படிக்கட்டும் புள்ள" என்று, ஊர் முகப்பில் வைக்கப்போகும் கல்லைப் பற்றி அப்பா நேற்றும் போனில் பூரித்தார். அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தோழியிடம் பருப்புப்பொடி கொடுத்தனுப்பு. இங்கே எதிலும் ருசியில்லை. கிளம்பிவிட்டாள், முடிக்கிறேன்.

உன் மகள்,
ஸ்ரீமதி

எப்படியாவது அப்பாவிடம் பேசி, கல்லில் பூட்டன் பெயரை மட்டும் வெட்டச் சொல்லம்மா. 'வீரமரணம்' என்ற சொல் வேண்டாம்.