நிற்காத வண்டிக்கு நாம் அனுப்பிய மனு

அக்கா,

இன்று காலை கடையில் கிடந்த பழைய பிரிண்டரை எடைக்குப் போட எடுத்தேன். மூடியைத் திறந்ததும் காய்ந்த ரிப்பன் மையின் வாசம் வந்தது. அதோடு நீங்களும் வந்துவிட்டீர்கள். நீங்கள் போய் மூன்று மாதமாகிறது. இருந்தபோது சொல்லாமல் விட்டதை எழுதியாவது வைக்கலாம் என்று உட்கார்ந்தேன்.

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே நான் பிரவுசிங் சென்டர் போட்ட முதல் வருடம் அது. நெசவுக்காரர் வீட்டு மருமகள் கடை போட்டு உட்காருவதா என்று எங்கள் ஆட்களுக்குள் பேச்சு. வந்ததெல்லாம் தேர்வு முடிவு பார்க்கும் பிள்ளைகளும் ஜாதகம் அடிக்க வருபவர்களும்தான். கலெக்டருக்கு இனி ஈமெயிலிலும் மனு அனுப்பலாம் என்று பேப்பரில் படித்துவிட்டு, ஒரு அட்டையில் அதை எழுதி வாசலில் தொங்கவிட்டேன். பத்து நாள் ஒருவரும் கேட்கவில்லை. முதலில் உள்ளே வந்தது நீங்கள்தான். நீங்கள் என்னை அக்கா என்றீர்கள், நானும் உங்களை அக்கா என்றேன். யார் மூத்தவர் என்று கடைசிவரை நாம் கேட்டுக்கொள்ளவே இல்லை.

பேரையூர் பக்கம் உங்கள் காலனி. எல்லாரும் காட்டு வேலைக்குப் போகிறவர்கள். ஓடுகிற ஒரே மினி பஸ்ஸுக்குக் காலனியிலும் நிறுத்தம் உண்டு என்று பெர்மிட்டில் இருந்தும், அது ஊருக்குள் போய்த்தான் நிற்கும். அதற்காக மூன்று முறை காகிதத்தில் மனு கொடுத்திருந்தீர்கள். மூன்று முறையும் வாங்கி மனுக் கட்டுக்குள் செருகி வைத்தார்கள். அடுத்த முறை போனால், எந்த மனு, எப்போது கொடுத்தாய் என்றார்கள். கொடுத்ததற்கு உங்கள் கையில் அத்தாட்சி எதுவும் இல்லை. இந்த நிலையில்தான் நிறைமாதமாக இருந்த உங்கள் தங்கை ஆஸ்பத்திரிக்குப் போக வெயிலில் நடந்திருக்கிறாள். வண்டி அவளைத் தாண்டிப் போயிருக்கிறது. பாதி வழியில் மயங்கி விழுந்தவளை யாரோ மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

நீங்கள் சொல்லச் சொல்ல அடித்தேன். டைப்ரைட்டிங்கில் படித்த பழக்கத்தில், தங்கள் பொற்பாதம் பணிந்து என்று தொடங்கியிருந்தேன். என்ன அடித்திருக்கிறேன் என்று வாசிக்கச் சொன்னீர்கள். வாசித்ததும் தடுத்தீர்கள்.

“அதை எடுத்துருங்கக்கா. கேக்குறது நம்ம பாத்தியத. எதுக்குக் கால்ல விழணும்?”

எடுத்துவிட்டேன்.

அடுத்த இரண்டு வாரமும் கூலியை விட்டுவிட்டு, பதில் வந்ததா என்று கேட்க வந்தீர்கள். மூன்றாம் வாரம் வந்தது. மனுவில் உள்ள எழுத்தை வாசிக்க முடியவில்லை என்று இரண்டு வரி. என் கம்ப்யூட்டரில் இருந்த தமிழ் எழுத்து அவர்களுடையதில் இல்லை. நாம் எழுதியது முழுவதும் அங்கே கட்டமும் புள்ளியுமாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. தப்பு என்னுடையது. உங்களிடம் சொல்ல நாக்கு எழவில்லை. ஒருவழியாகச் சொல்லி முடித்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தீர்கள்.

“காயிதத்துல குடுத்தாத் தொலைச்சுப்புடுறாக. இதுல குடுத்தா வாசிக்க முடியலங்குறாக. சரி, மறுபடி அடிங்க.”

இம்முறை பிரிண்ட் எடுத்து, நீங்கள் கையெழுத்துப் போட்டு, அதை ஸ்கேன் செய்து படமாக அனுப்பினேன். மறுநாளே மனு எண் வந்தது. அந்த எண்ணைச் சொன்னால் இல்லை என்று சொல்ல முடியாதல்லவா என்று இரண்டு முறை கேட்டீர்கள். முடியாது என்றேன், எல்லாம் தெரிந்தவள் மாதிரி.

ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. மேற்படி வண்டி காலனியில் தினமும் நின்று செல்கிறது, மனு முடித்து வைக்கப்பட்டது என்று ஒரு அதிகாரி கையெழுத்துப் போட்டிருந்தார். எனக்கு அழுகை வந்தது. வாசல் அட்டையைக் கழற்றி எறிய எழுந்துவிட்டேன். நீங்களோ சிரித்தீர்கள். நீங்கள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான் முதல் தடவை.

“இம்புட்டு நாளும் வாயாலதேன் சொன்னாக. இப்ப எழுதியே குடுத்துட்டாக. நல்லாப் பெருசா எடுத்துக் குடுங்கக்கா.”

திங்கட்கிழமை மனு நாளுக்கு என்னையும் கூப்பிட்டீர்கள். அதுவரை நான் எந்த அதிகாரி முன்னாலும் போய் நின்றதில்லை. கடையைப் பூட்டிவிட்டு வந்தேன். மூன்று மணி நேரம் வரிசை. கலெக்டர் அந்தத் தாளை வாசித்துவிட்டு, பஸ் நிற்கிறது என்றுதானே இதில் இருக்கிறது என்றார்.

“நின்னா நான் எதுக்குய்யா இங்க வாரேன்? நாளைக்குக் காலையில இதுல கையெழுத்துப் போட்டவுகளை எங்க ரோட்டுல வந்து நிக்கச் சொல்லுங்க.”

அவர் தாளைத் திருப்பிக் கையெழுத்தைப் பார்த்தார். அப்படியே உத்தரவு போட்டார். மறுநாள் அந்த அதிகாரி உங்கள் காலனி ரோட்டில் வந்து நின்றார். வண்டி அவரையும் தாண்டிப் போனது.

அந்த வாரமே பூத்திலிருந்து கடைக்குப் போன் செய்தீர்கள். “அக்கா, நின்னுச்சு” என்றீர்கள். பிறகு, “தங்கச்சி புள்ளையத் தூக்கிக்கிட்டு ஏறிப் போறா” என்றீர்கள்.

கம்ப்யூட்டர் வந்துவிட்டது, இனி யாரும் போய் நிற்க வேண்டியதில்லை என்று நம்பிக் கடை திறந்தவள் நான். அந்த எண்ணும் வேண்டும், ஆளும் போய் நிற்க வேண்டும் என்று எனக்குக் காட்டியது நீங்கள். உங்களைப் பார்த்து உங்கள் பக்கத்து ஊர்க்காரர்கள் மனு கொண்டு வர ஆரம்பித்தார்கள். என் கடை பிழைத்தது. வீட்டில் பேச்சும் நின்றது. கோச்சடையில் படுக்கையோடு இருக்கும் ஒருவருக்கு இப்போது மாதாமாதம் நான்தான் மனு அனுப்புகிறேன். அவரால் வரிசையில் நிற்க முடியாது. அவருடைய சொல்லும் உள்ளே போய்ச் சேர்கிறதே, அது பெரிய விஷயம். முடித்து வைக்கப்பட்டது என்று இப்போதும் சிலருக்குப் பதில் வருகிறது. அப்போது பிரிண்ட் எடுத்துக்கொண்டு நானும் அவர்களோடு கிளம்பிவிடுகிறேன்.

உங்கள் காரியத்துக்கு அந்த மினி பஸ்ஸில்தான் வந்தேன். சாயங்காலம் திரும்பும்போது உங்கள் தங்கை மகள் ரோடு வரைக்கும் துணைக்கு வந்தாள். அன்று வயிற்றில் இருந்த பிள்ளை, இப்போது மூன்றாம் வகுப்புப் படிக்கிறாள். தூரத்தில் வண்டியைக் கண்டதும் நான் அவசரமாக ரோட்டோரம் போய்க் கையை நீட்டினேன். அவள் என் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

“கைய நீட்ட வேணாம் பெரியம்மா. அது நிக்கும்.”

நின்றது, அக்கா. ஏறி உட்கார்ந்தேன். பேரையூரில் வண்டி மாறி மதுரை வந்து சேரும்வரை அவள் சொன்னதுதான் காதில் இருந்தது. இன்னும் இருக்கிறது.