நகத்துக்கு வராத முடிச்சு

நேற்று மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் செண்டுமல்லி என்று இங்கே சொல்கிற நம் ஊர்க் கேந்தி ஒரு மூட்டை அவிழ்ந்து என் காலடியில் கொட்டியது. பூவோடு இலையும் காம்பும் சேர்ந்தே விழுந்தன. போகிறவர் வருகிறவர் எல்லாம் மிதித்துக்கொண்டு போனார்கள். கசங்கிய இலையின் அந்தக் காட்டமான வாடை மூக்கில் ஏறியதும் எனக்கு உன் ஞாபகம் வந்துவிட்டது. சுற்றிலும் கூடை கூடையாக மல்லிகை இருந்தது. மல்லிகைத் தோட்டக்காரியான உன்னை நினைக்க எனக்குக் கேந்தி வாடைதான் வேண்டியிருக்கிறது. பூ வாங்கப் போனவள் வாங்காமலே வீடு திரும்பி, இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

நீ இருக்கும்போதே உன்னிடம் ஒன்றைச் சொல்லியிருக்க வேண்டும். உன் தோட்டம் ஏன் பட்டுப்போனது என்பது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் மறைத்தேன். இதை எழுத எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

நாம் இருவரும் பதினோராம் வகுப்பு வரை ஒரே பெஞ்சு. கணக்கில் நீ முதல், வாயில் நான் முதல். அதற்குப் பிறகு எனக்குக் கல்லூரி வாய்த்தது, உனக்குக் கல்யாணம். நான் தாவரவியல் படித்து மதுரையில் ஒரு மிஷன் பெண்கள் பள்ளியில் டீச்சராகச் சேர்ந்தேன். நீ பத்து வருடத்தில் ஒரு தகரப் பெட்டியோடு மேலூர்ப் பக்கத்து உங்கள் ஊருக்கே திரும்பி வந்தாய். உன் புருஷனைப் பற்றி நான் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. எழுபதுகளின் நடுவில் அது. உன் அண்ணன் அப்போதுதான் கிணற்றுக்குக் கரண்டு மோட்டார் வைத்திருந்தார். கிணற்றுக்கு மேலே கிடந்த செம்மண் துண்டை உனக்கு விட்டுக்கொடுத்தார். கொடுக்கும்போதே ஒரு கெடுவும் வைத்தார்.

"மூணு வருசம் பாரு ஆத்தா. வெளங்கலைன்னா பழையபடி வீட்டோட வந்து இருந்துக்க."

வீட்டோடு இருப்பது என்றால் என்ன என்று நம் இருவருக்குமே தெரியும். உன் அண்ணியின் அடுப்படியில் காலம் முழுக்கச் சம்பளமில்லாமல் வேலை பார்ப்பது. அந்த மூன்று வருடம்தான் உன் கையில் இருந்தது. நீ அதை மல்லிகையில் போட்டாய். ராமேசுவரம் பக்கத்திலிருந்து பதியன் வரவழைத்து நட்டாய்.

சனிக்கிழமை பள்ளி விட்டதும் நான் மேலூர் பஸ் ஏறி உன் தோட்டத்துக்கு வந்துவிடுவேன். எனக்கு அப்போது இருபத்தேழோ இருபத்தெட்டோ வயது. படித்ததை எல்லாம் யார் தலையிலாவது கட்டாவிட்டால் தூக்கம் வராது. செடி வரிசைகளுக்கு நடுவே தட்டைப்பயறு போடச் சொன்னது நான்தான். காற்றில் இருக்கும் தழைச்சத்தை அது வேர் முடிச்சில் பிடித்து வைக்கும், பூக்கும் நேரத்தில் மடக்கி உழுதால் மல்லிகைக்கு உரமாகும் என்று பெரிய பிரசங்கமே செய்தேன். நீ போட்டாய். பூக்கிற பருவத்தில் ஒரு செடியைப் பிடுங்கி என்னிடம் நீட்டினாய். வேர் முழுக்க முடிச்சு முடிச்சாக இருந்தது.

"இம்புட்டு முடிச்சா? அண்ணன் காட்டுல போட்ட பயறுல நான் இப்படிப் பார்த்ததில்லையேடி. அதுல அங்கொண்ணு இங்கொண்ணா, மிளகு கணக்கா ஒட்டிக்கிட்டிருக்கும்."

"அதுக்குத்தான் தோட்டத்து மண்ணு வேணும்ங்கிறது. ஒவ்வொரு முடிச்சும் உனக்கு யூரியா. பேசாம மடக்கி உழு."

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு ஆகும்ங்கிற," என்று சிரித்துவிட்டு, நீ மடக்கி உழுதாய். அடுத்த பருவமும் அதே பயற்றை விதைத்து அதே மாதிரி உழுதாய்.

மறு கோடையில் செடிகள் அங்கங்கே திட்டுத்திட்டாக மஞ்சளடித்தன. மொட்டு சிறுத்துப்போனது. மதியத்தில் தண்ணீர் நிற்கும் பாத்தியிலேயே இலை துவண்டு கிடந்தது. ஒரு நாள் நீயும் உன் அண்ணனும் மல்லிகை வேரை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு என் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டீர்கள். நான் உங்களை ஆய்வுக்கூடத்துக்குள் கூட்டிப் போனேன். உன் அண்ணன் பெஞ்சில் உட்காரவில்லை. கதவை ஒட்டி நின்றபடியே கேட்டார்.

"நடுவுல பயறு போட்ட பெறகுதான் டீச்சர் இப்படி ஆச்சு. யார் சொல்லிப் போட்டுச்சுன்னு கேட்டா வாயத் தெறக்க மாட்டேங்குது."

நான் பதில் சொல்லுமுன் நீ முந்திக்கொண்டாய். "யாரும் சொல்லலண்ணே. நானாத்தான் போட்டேன்."

நான் வேரைக் கழுவி, ஒரு வீக்கத்தை பிளேடால் சீவி, நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். உள்ளே முத்துப் போல வெளுத்த உருண்டை ஒன்று இருந்தது. அதற்குச் சின்னதாக ஒரு கழுத்து. பரீட்சைக்குப் படம் வரைந்து பாகம் குறித்த, வேரை வீங்க வைக்கும் நூற்புழு. பயற்று வேரில் நான் யூரியா என்று சொன்னதெல்லாம் இதுதான் என்று அந்த நொடியே எனக்கு விளங்கிவிட்டது. இரண்டு பருவம் நாம் அதற்குச் சோறு போட்டு வளர்த்து, மல்லிகை வேருக்கு அனுப்பி வைத்திருக்கிறோம். யானைக்கும் அடி சறுக்கும் என்று சொல்லி அப்போதே தப்பித்திருக்கலாம். ஆனால் கதவருகில் உன் அண்ணன் நின்றார், ஜன்னலில் என் வகுப்புப் பெண்கள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் நிமிர்ந்து சொன்னேன்.

"வெயில்தாண்ணே காரணம். தண்ணியக் கொஞ்சம் கூட்டி விடுங்க."

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான்."

என் வாழ்நாளில் நான் சொன்ன பொய்களில் இதுதான் ஆகச் சிறியது. இதுதான் ஆகக் கேவலமானதும்.

தண்ணீர்தான் அந்தப் புழுவுக்கு வாழ்வு. உன் அண்ணன் காடு மானாவாரி. மழைக்கு ஒரு வெள்ளாமை எடுத்த பிறகு நாலு மாதம் கால் வைக்க முடியாமல் கொதித்துக் கிடக்கும். அந்தச் சூட்டில் மண்ணுக்குள் இருக்கிற புழு பெருகாது. உன் துண்டும் முன்பு அப்படிக் கிடந்ததுதான். மோட்டார் வந்தது, பன்னிரண்டு மாதமும் ஈரம் நின்றது, வருடம் முழுக்க வேர் விடும் செடி வந்தது. மேலே இத்தனை மாறினால் கீழே இருப்பது மட்டும் மாறாமல் இருக்குமா? மண்ணுக்குத் தக்கபடி செடி வளரும் என்று நான் வகுப்பில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். செடிக்குத் தக்கபடி மண்ணுக்குள் ஒரு கூட்டம் சேரும், அது நல்லதாகவும் இருக்கும் கெட்டதாகவும் இருக்கும் என்பதை யோசிக்கவே இல்லை.

நான் சொன்னபடி நீ தண்ணீரைக் கூட்டினாய். கால்வாசிச் செடி பட்டுப்போனது. நான் சனிக்கிழமைகளில் வருவதை நிறுத்திவிட்டேன். பரீட்சைப் பேப்பர் என்றேன், சர்ச்சில் பாட்டுப் பயிற்சி என்றேன். உன்னிடமிருந்து ஒரு கார்டு வந்தது. "அடுத்த ஆடியோடு கெடு முடிகிறது, அண்ணி இப்போதே எனக்கு உரலைக் காட்டிவிட்டாள்" என்று வேடிக்கையாக எழுதியிருந்தாய். என்னால் அதைப் படித்துச் சிரிக்க முடியவில்லை.

பொங்கல் கழிந்து ஒரு நாள் மனது கேட்காமல் வந்தேன். நீ வாய்க்கால் கரையில் உட்கார்ந்திருந்தாய். முன்னால் இரண்டு தட்டைப்பயற்றுச் செடிகள் வேரோடு கிடந்தன. ஒன்று அண்ணன் காட்டிலிருந்து பிடுங்கியது, மற்றது தோட்டத்தில் தானாக முளைத்தது. வந்தவளை வா என்றுகூடச் சொல்லாமல் என் விரலைப் பிடித்து வேரில் வைத்தாய்.

"இது அண்ணன் காட்டுச் செடி, கிள்ளு. நகத்துக்கு வந்துருச்சா? உள்ள பாரு, செவப்பா இருக்கு. இப்ப இந்தத் தோட்டத்துச் செடியக் கிள்ளு. வராது. ஏன்னா இது ஒட்டிக்கிட்டிருக்கிற முடிச்சு இல்ல, வேரே வீங்கிக் கெடக்கு. ரெண்டும் வேற வேறடி."

கல்லூரியில் நுண்ணோக்கி வைத்துப் படித்தவள் செய்யாததை, உர முடிச்சையும் புழு வீக்கத்தையும் பிரித்துப் பார்ப்பதை, நீ கட்டைவிரல் நகத்தால் செய்து முடித்திருந்தாய். "இருக்கலாம்," என்றேன். நீ என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாய். பிறகு வாய்க்கால் ஓரத்தைக் காட்டினாய். மாட்டுப் பொங்கலுக்கு மாலை கட்டப் போட்டிருந்த கேந்தி அங்கே நின்றது. அதை ஒட்டிய மல்லிகைச் செடிகள் ஏழெட்டு மட்டும் பச்சையாக இருந்தன.

"எல்லா வரிசைக்கும் நடுவுல கேந்தி விதைக்கப் போறேன். சரியா வருமா?"

"வரும்," என்றேன். கேந்தி வேருக்கு நூற்புழு ஒடுங்கும் என்று நானும் எங்கோ படித்திருக்கிறேன். அது நினைவுக்கு வர நீ சொல்ல வேண்டியிருந்தது.

அப்போதுதான் உன் அண்ணன் வந்தார். மல்லித் தோட்டத்துல கேந்தியா, ஊரு சிரிக்கும் என்றார். நீ அலட்டிக்கொள்ளவே இல்லை. "டீச்சர்தாண்ணே சொல்லுது. படிச்சவுக சொன்னா சரியாத்தான இருக்கும்," என்றாய். அவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். உன் பேச்சென்றால் அவர் கேட்க மாட்டார், என் பேச்சென்றால் கேட்பார் என்று உனக்குத் தெரிந்திருந்தது. என் தப்பை உன் பேரில் எழுதிக்கொண்டவள் உன் புத்தியை என் பேரில் எழுதிவிட்டாய்.

கேந்தியோடு வேப்பம்புண்ணாக்கும் இட்டாய். பட்ட இடங்களைத் தண்ணீர் விடாமல் சித்திரை வெயிலில் கொத்திப் போட்டாய். எல்லாச் செடியும் தேறவில்லை, ஆனால் பாதிக்கு மேல் தேறியது. ஆடி வந்தது, அண்ணன் கெடுவைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. அதற்கு அடுத்த கோடையில் முதல் பஸ்ஸில் மதுரைக்குப் பூக்கூடை ஏறியது. தோட்டத்திலேயே ஓர் அறையும் அடுப்படியும் கட்டிக்கொண்டாய். அந்த அடுப்படியில் நீ எனக்குப் போட்டுத் தந்த காப்பி சுமார்தான். உன் சொந்த அடுப்பு என்பதால் ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தேன்.

ஒரு நாள் மொட்டுப் பறித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாய். "அன்னிக்கு உன் பள்ளிக்கூடத்துல நீ கண்ணாடிக்குள்ள பார்த்தப்ப, நான் உன் மூஞ்சியத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன்."

அதுதான் நேரம். நீயே வாசலைத் திறந்து வைத்திருந்தாய். நான் என்ன செய்தேன்? "பஸ்ஸுக்கு நேரமாச்சு, போறேன்," என்று பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். "வர்ற சனிக்கிழமை வந்துரு," என்றாய், ஒன்றுமே நடக்காத மாதிரி.

அதன் பிறகு எத்தனையோ சனிக்கிழமைகள் வந்தேன். ஒன்றிலும் சொல்லவில்லை. எண்பதுகளின் கடைசியில் ஒரு காய்ச்சல் பத்தே நாளில் உன்னைக் கொண்டுபோய்விட்டது. பதினாறாம் நாள் விசேஷத்தில் உன் அண்ணன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "தோட்டம் பொழைச்சது டீச்சராலதான்னு தங்கச்சி கடைசி மட்டும் சொல்லிக்கிட்டே இருந்துச்சு," என்று துண்டால் கண்ணைத் துடைத்தார். துக்க வீட்டில் எதற்கு என்று அப்போதும் வாயை மூடிக்கொண்டேன். நீ கொடுத்த நல்ல பேரோடு அந்த ஊரில் இத்தனை வருடம் உலவி வந்திருக்கிறேன். அங்கே செடிக்கு ஒன்று என்றால் இன்னமும் என்னைத்தான் கேட்கிறார்கள்.

போன மாதம் உன் அண்ணன் மகன் வந்தான். உன் தோட்டத்தை இப்போது அவன்தான் பார்க்கிறான், அவனுக்கே தலை நரைத்துவிட்டது. மல்லிகை வேர் கொண்டு வந்திருந்தான். "எங்க அத்தை தோட்டத்தைக் காப்பாத்துனவுக நீங்க," என்று ஆரம்பித்தான்.

"இல்ல தம்பி," என்றேன். "உங்க அத்தை தோட்டத்தக் கெடுத்தது நான். தெரிஞ்சும் வெயில் மேல பழியப் போட்டேன். காப்பாத்துனது உங்க அத்தை. கேந்தி போடணும்னு கண்டுபிடிச்சதும் அவதான்."

அவன் கையிலிருந்த வேரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் அப்பா இருக்கும்போது சொல்லாததை இப்போது எதற்குச் சொல்கிறேன் என்று நினைத்திருப்பான். எழுந்து போய்விடுவான் என்றுதான் இருந்தேன். போகட்டும் என்றும் நினைத்தேன்.

"சரி டீச்சர்," என்று வேரை என் கையில் கொடுத்தான். "இப்ப இதுக்கு என்ன?"

கிள்ளிப் பார்த்தேன். நகத்துக்கு வரவில்லை.

"புழு விழுந்திருக்கு தம்பி," என்று சொன்னேன்.