வாசல் தொட்டி மீன்கள்

அன்புள்ள அக்கா,

நீ பிரசவத்துக்கு வருகிறாய் என்று அம்மா அறைக்கு வெள்ளையடித்துவிட்டாள். எல்லாம் என் சம்பளத்தில்தான். சாய ஆலை வந்த பிறகுதான் நம் வீட்டில் நல்ல கூரை ஏறியது. அதை நான் மறக்கவில்லை.

ஆனால் இங்கே ரொம்ப வெயில். வீடும் சின்னது.

என் வேலையைப் பற்றிக் கேட்டிருந்தாய். ஆலை வாசலில் ஒரு கண்ணாடித் தொட்டி இருக்கிறது. சுத்திகரித்த கழிவுநீரில் மீன் வாழ்கிறது என்று வருகிறவர்களுக்குக் காட்ட வைத்தது. காலையில் செத்துக் கிடப்பவற்றை எடுத்துவிட்டு, அதே நிறத்தில் புது மீன்களை விடுவேன்.

"பட்டம் வாங்கினது மீன் பொறுக்கவாம்மா?" என்று காவலாளி சிரிப்பார். நானும் சிரித்துவைப்பேன். தொட்டிக்குப் போக மிச்சத் தண்ணீர் நம் கிணற்றை ஒட்டிய வாய்க்காலில்தான் ஓடுகிறது.

அப்பாவிடம் சொன்னேன். "ஊரே அந்த ஆலையாலதான் சாப்பிடுது. வாயைத் திறக்காதே" என்றார். பிறகு கிணற்றில் ஒரு செம்பு மொண்டு, என்னைப் பார்த்துக்கொண்டே முழுவதையும் குடித்தார்.

வராதே அக்கா. மாமியார் விடவில்லை என்று அம்மாவிடம் சொல்லிவிடு. பழி அவர் மேல் போகட்டும்.

குழந்தையைக் குளிப்பாட்ட அம்மா புது அண்டா வாங்கி, இப்போதே கிணற்று நீரை நிரப்பிவிட்டாள். தூசி விழக் கூடாதென்று மூடியும் போட்டிருக்கிறாள்.

உன் தங்கை